ஒரு கையில் கணக்கு நோட்டு, மறு கையில் தூரிகை: யார் இந்த பூபேன் கக்கர்?

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது டேட் மாடர்ன் அருங்காட்சியகம். நவீன ஓவியம் பற்றிப் பேசும் யாரும் தவிர்க்க முடியாத இடம். 2016 ஜூன் 1-ம் தேதி முதல் நவம்பர் 6-ம் தேதி வரை, ஐந்து மாசத்துக்கு மேல், அங்கே ஒரு இந்திய ஓவியரின் படங்கள் தொங்கின. தையல்காரர், வாட்ச் ரிப்பேர் செய்பவர், கையில் பிளாஸ்டிக் பூங்கொத்தோடு நிற்கும் ஆள், மொட்டை மாடியில் உடையில்லாமல் நின்று தெருவை வேடிக்கை பார்க்கும் ஒருவர். இவர்கள்தான் அந்தச் சுவர்களை நிறைத்திருந்தார்கள்.

வரைந்தவர் பெயர் பூபேன் கக்கர். தன் கண்காட்சியை அவர் பார்க்கவில்லை. அவர் இறந்து 13 வருஷம் ஆகியிருந்தது.

இன்னொரு விஷயம். அவர் ஓவியம் வரைய முறைப்படி பட்டம் வாங்கியவர் இல்லை. படிச்சது சி.ஏ. ஆமா, ஆடிட்டர் படிப்புதான்.

ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் எப்படி அந்தச் சுவர்களுக்குப் போனார்? அவர் படங்களைப் பார்த்து ஏன் ஒரு கூட்டம் கொண்டாடியது, இன்னொரு கூட்டம் முகம் சுளித்தது? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில், ரெட்ராஸ்பெக்டிவ்னா என்ன?

ஒரு ஓவியர் புதிதாக வரைந்த 20 படங்களை மாட்டி விற்பனைக்கு வைத்தால் அது சாதாரணக் கண்காட்சி. அவருடைய ஆரம்ப காலப் படம் முதல் கடைசிப் படம் வரை தேடிப் பிடித்து, ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து காட்டினால் அது ரெட்ராஸ்பெக்டிவ். தமிழில் மீள்பார்வைக் கண்காட்சி என்று சொல்லலாம்.

கேட்க ஈஸி. செய்வது கஷ்டம். ஒரு படம் மும்பையில் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் இருக்கும், இன்னொன்று டெல்லி அரசு கேலரியில் இருக்கும், மூன்றாவது வெளிநாட்டில் ஒரு சேகரிப்பாளரிடம் இருக்கும். எல்லாரிடமும் கேட்டு, இன்சூரன்ஸ் போட்டு, பத்திரமாக ஏற்றி இறக்கிக் கொண்டுவர வேண்டும். எதற்கு இத்தனை பாடு? தனிப் படத்தில் தெரியாத ஒன்று வரிசையில் தெரியும். ஒரு மனுஷன் எங்கே தயங்கினான், எங்கே துணிந்தான், அதற்கு எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டான் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

கக்கர் விஷயத்தில் இந்த வரிசை ரொம்ப முக்கியம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

கேத்வாடி டு பரோடா

1934 மார்ச் 10-ம் தேதி பம்பாயில் ஒரு குஜராத்தி நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது கேத்வாடி பகுதியில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகப் படிப்பு வரை போன முதல் ஆள் இவர்தான். அப்படிப்பட்ட வீட்டில் கடைசிப் பையன் மேல் என்ன எதிர்பார்ப்பு இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல படிப்பு, நிலையான வேலை, கல்யாணம், குழந்தை.

முதல் இரண்டையும் அவர் செய்தார். பி.காம்., அப்புறம் சி.ஏ. கூடவே மாலை நேரங்களில் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி வகுப்புகளுக்குப் போய்வந்தார்.

1950-களின் கடைசியில் குலாம் முகமது ஷேக் என்ற இளம் ஓவியரின் நட்பு கிடைத்தது. ஷேக் அப்போது பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் இருந்தார். 1950-ல் தொடங்கிய அந்தத் துறை, இந்தியாவில் ஓவியத்தைப் புதிதாக யோசித்த இடங்களில் ஒன்று. அங்கே வா என்று ஷேக் கூப்பிட, 1962-ல் கக்கர் பம்பாயை விட்டுக் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு 28 வயது.

சேர்ந்தது ஓவியப் பிரிவில் இல்லை, கலை விமர்சனப் பிரிவில். வரையக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் தானாகத்தான், கூட இருந்த நண்பர்களைப் பார்த்துத்தான்.

சி.ஏ. படிப்பையும் அவர் தூக்கி எறியவில்லை. பரோடாவில் ஒரு தொழிற்சாலையில் பகுதிநேரக் கணக்காளராகப் பல வருஷம் வேலை பார்த்தார். வேலையை விட்டுவிட்டுக் கனவைத் துரத்தினார் என்ற மாதிரி கதை இது இல்லை. மாதச் சம்பளம் ஒரு பக்கம், ஓவியம் இன்னொரு பக்கம். படம் விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால், யாருக்குப் பிடிக்கும் என்று யோசிக்காமல் வரைய முடிந்தது.

சாமி படத்தைக் கத்தரித்தவர்

1965-ல் பம்பாய் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. அங்கே வைத்தது கொலாஜ் வகைப் படங்கள். கடைத்தெருவில் விற்கும் சாமி படங்களை வாங்கி, கத்தரித்து, ஒட்டி, மேலே பளபளப்பான பெயின்ட் அடித்து, சுவரில் கிறுக்கியதுபோல எதையாவது கிறுக்கி வைத்திருந்தார்.

நம்ம ஊரில் சிவகாசிக் காலண்டரை ஆணியில் மாட்டியிருப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிப் படங்கள்தான். அதை யாரும் 'கலை' என்று அப்போது சொல்லவில்லை. படித்தவர்கள் வீட்டில் அது பூஜை அறையோடு நின்றுவிடும். வரவேற்பறைக்கு வேறு படம். கக்கர் இந்தக் கோட்டை அழித்தார். மேற்கே அப்போது பரவிக்கொண்டிருந்த பாப் ஆர்ட், விளம்பரத்தையும் சோப்பு டப்பாவையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்திருந்தது. கக்கர் அதை அப்படியே காப்பி அடிக்கவில்லை. தன் தெருவில் என்ன தொங்குகிறது என்று பார்த்தார்.

தையல்கடையும் வாட்ச் கடையும்

1970-களில்தான் அவர் பெயர் நின்றது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் சின்னக் கடைக்காரர்களை வரிசையாக வரைந்தார். 1972-ல் வரைந்த 'டி-லக்ஸ் டெய்லர்ஸ்', 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்' இரண்டும் அந்த வரிசையின் முக்கியப் படங்கள். பெயரைப் படிக்கும்போதே கடை போர்டு கண் முன்னால் வருகிறது இல்லையா? அதுதான் அவர் ஸ்டைல்.

அதுவரை இந்திய நவீன ஓவியத்தில் சாமானிய மக்கள் வராமல் இல்லை. கிராமத்துப் பெண், விவசாயி, ஆதிவாசி என்று வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனா டவுன் பக்கம் ஒரு சின்னக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நடுத்தர வயது ஆள்? அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் அழகானவர் இல்லை, பரிதாபமானவரும் இல்லை. வரைவதற்கு ஒரு காரணமும் இல்லாதவர். கக்கர் அவரை எடுத்து நடுவில் வைத்தார்.

வரைந்த விதத்தில் பல ஊர்களின் கலப்பு இருந்தது. ராஜஸ்தான் சிற்றோவியம், நாத்துவாரா கோயில் துணி ஓவியம், கம்பெனி காலத்தில் இந்திய ஓவியர்கள் ஆங்கிலேயர்களுக்காக வரைந்த தொழிலாளர் படங்கள், பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூஸோ, இத்தாலியின் சியன்னா நகரத்துப் பழைய சுவரோவியங்கள். உருவங்கள் கொஞ்சம் விறைப்பாக, உடற்கூறு சரியில்லாத மாதிரி தெரியும். வரையத் தெரியாதவர் என்று சிலர் சொன்னார்கள். முறைப்படி படிக்காததால் வந்த குறையை அவர் மறைக்கவில்லை, அதையே தன் மொழியாக்கிக்கொண்டார்.

1975-ல் வரைந்த படம் ஒன்றில் பிளாஸ்டிக் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நேராக நம்மைப் பார்த்து நிற்பார். சுற்றிலும் அவர் வாழ்க்கையின் சின்னச் சின்னக் காட்சிகள். முகத்தில் சிரிப்பு இல்லை. பூ வாடாது, ஆனா மணக்கவும் செய்யாது. முதல் பார்வைக்குக் கிண்டல் மாதிரி இருக்கும். ரெண்டாவது தடவை பார்த்தால் ஒரு தனிமை உறைக்கும்.

இந்தத் தனிமை யாருடையது? கடைக்காரர்களுடையதா, வரைந்தவருடையதா?

அவர் சொல்லாமல் வைத்திருந்தது

கக்கர் தன்பாலின ஈர்ப்பாளர். நெருங்கியவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். வீட்டுக்கும் ஊருக்கும் சொல்லவில்லை.

சட்டமும் சாதகமாக இல்லை. 1860-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, தன்பாலின உறவைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது.

1970-களின் இரண்டாம் பாதியில் கக்கர் இங்கிலாந்து போய்வந்தார். ஓவியர் ஹாவர்ட் ஹாட்ஜ்கின் அங்கே நெருங்கிய நண்பர். 1979-ல் பாத் கலைக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தார். அந்த வருஷம் வரைந்த ஒரு படத்தில், மதுக்கடையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். குளிர், கோட்டு, பேச ஆள் இல்லை.

ஆனா அங்கே அவர் இன்னொன்றையும் பார்த்தார். இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் சட்டத்தை 1967-லேயே மாற்றிவிட்டன. ரெண்டு ஆண்கள் ஜோடியாக, ஒளிந்துகொள்ளாமல் வாழ்வதை அவர் நேரில் பார்த்தார். இந்தியாவுக்கு அந்தச் சட்டத்தைக் கொடுத்த நாடு, தன் வீட்டில் அதை எடுத்துவிட்டிருந்தது.

1980-ல் அம்மா இறந்தார். அடுத்த வருஷம் அந்தப் படம் வந்தது.

அப்பா, மகன், ஒரு கழுதை

படத்தின் பெயர் 'யூ கான்ட் ப்ளீஸ் ஆல்'. எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது என்று அர்த்தம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1.75 மீட்டர் உள்ள சதுரப் படம். கிட்டத்தட்ட ஆள் உயரம்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். அப்பாவும் மகனும் கழுதையை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். கழுதை இருக்க நடக்கிறார்களே என்று ஒருத்தர் சிரிப்பார். மகனை ஏற்றினால், வயசான அப்பாவை நடக்கவிடுகிறானே என்பார் இன்னொருத்தர். அப்பா ஏறினால், பச்சைப் பிள்ளை நடக்கிறதே என்பார்கள். ரெண்டு பேரும் ஏறினால், கழுதை பாவம் என்பார்கள். கடைசியில் கழுதையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், அது கை நழுவிப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே கதை.

கக்கர் இந்தக் கதையின் பல கட்டங்களை ஒரே ஊர்க் காட்சிக்குள் வரைந்தார். மேலே மாடியில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உடையில்லாமல் ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்க்கிறார். அது கக்கரேதான் என்றுதான் இந்தப் படம் படிக்கப்படுகிறது. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து கழுதையைச் சுமந்தவர்கள் கீழே. அந்தச் சுமையை இறக்கிவைத்தவர் மேலே.

அப்போது அவருக்கு 47 வயது.

இதற்கு மேல் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 1982-ல் 'டூ மென் இன் பனாரஸ்'. காசியில் ரெண்டு ஆண்கள் தழுவி நிற்கிறார்கள், சுற்றிலும் சாதுக்களும் சின்னக் கோயில்களும் அன்றாட வாழ்க்கையும் நடந்துகொண்டிருக்கின்றன. புனிதமும் ஆசையும் ஒரே படத்தில். 1987-ல் 'யயாதி'. மகனிடம் இளமையைக் கடன் வாங்கிய மகாபாரத ராஜாவின் கதை. முதுமை, ஆசை, இளமை மூன்றையும் அவர் தன் பார்வையில் வரைந்தார்.

இன்றைக்கு ஒருவர் சமூக வலைதளத்தில் ஒரு போஸ்ட் போட்டு இதைச் சொல்லலாம். அதற்கே எத்தனை யோசனை, எத்தனை டிராஃப்ட்! 1981-ல், சொல்வதற்கான வார்த்தைகளே நம் மொழிகளில் சரியாக இல்லாத காலத்தில், பரோடா மாதிரி ஒரு ஊரில் இருந்துகொண்டு அவர் ஆள் உயரத்துக்கு வரைந்து மாட்டினார்.

அங்கீகாரம் வரவில்லையா?

வந்தது. 1981-ல் 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' என்ற கூட்டுக் கண்காட்சி. குலாம் முகமது ஷேக், நளினி மலானி, சுதிர் பட்வர்தன், விவான் சுந்தரம், ஜோகன் சௌத்ரி ஆகியோரோடு கக்கரும் அதில் இருந்தார். மனிதர்களையும் கதையையும் ஓவியத்துக்குத் திரும்பக் கொண்டுவந்த கண்காட்சி என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

1984-ல் பத்மஸ்ரீ. 1992-ல் ஜெர்மனியின் காசல் நகரில் நடக்கும் டாகுமென்டா பெருங்கண்காட்சியில் இடம். 2000-ல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் விருது.

எழுத்தாளர் சல்மான் ருஷ்டியோடும் நட்பு. 'தி மூர்ஸ் லாஸ்ட் சை' நாவலில் வரும் ஓவியரான கணக்காளர் பாத்திரத்துக்குக் கக்கர்தான் தூண்டுதல். பதிலுக்குக் கக்கர் 1995-ல் ருஷ்டியை 'தி மூர்' என்ற பெயரில் வரைந்தார். அது லண்டன் தேசிய உருவப்பட கேலரியில் இருக்கிறது. கக்கரும் எழுத்தாளர்தான். குஜராத்தியில் சிறுகதைகளும் 'மௌஜிலா மணிலால்' என்ற நாடகமும் எழுதியிருக்கிறார். கடைக்காரர்களை வரைந்த அதே குறும்பு அதிலும் உண்டு.

கடைசிப் படங்கள்

1990-களின் இறுதியில் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். சிகிச்சை, வலி, ஆஸ்பத்திரி. அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. இப்போது உடம்பையே வரைந்தார். 2001-ல் வரைந்த ஒரு படத்தில் வயிற்றில் குண்டு பாய்ந்த ஒரு மனிதர். முன்பு ஆசையை எப்படி ஒளிக்காமல் வரைந்தாரோ, அப்படியே நோயையும். வண்ணம் அப்போதும் அழகாக இருக்கும், அதுதான் பார்ப்பவரைத் தொந்தரவு செய்யும்.

2002-ல் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் அவருக்கு ஒரு ரெட்ராஸ்பெக்டிவ் நடத்தியது. அடுத்த வருஷம், 2003 ஆகஸ்ட் 8-ம் தேதி, பரோடாவில் இறந்தார். 69 வயது. அதே ஆண்டு மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் அவருடைய மீள்பார்வைக் கண்காட்சி நடந்தது.

2016-ல் என்ன சண்டை?

டேட் அருங்காட்சியகம் 'யூ கான்ட் ப்ளீஸ் ஆல்' படத்தை 1996-லேயே வாங்கிவிட்டது. 20 வருஷம் கழித்து, அதே பெயரை வைத்து ரெட்ராஸ்பெக்டிவ். கக்கர் இறந்த பிறகு நடந்த முதல் சர்வதேச மீள்பார்வைக் கண்காட்சி அது. அங்கிருந்து பெர்லினுக்கும் போனது.

தலைப்புக்கு ஏற்ற மாதிரியே எல்லாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு முன்னணி பிரிட்டிஷ் நாளிதழின் விமர்சகர் கடுமையாகத் தாக்கி எழுதினார். இந்தப் படங்களுக்கு டேட்டில் என்ன வேலை என்ற தொனி. இந்தியாவிலும் வெளியிலும் கலை உலகில் பலர் அதற்குப் பதில் கொடுத்தார்கள்.

அந்த வாதத்தை விடவும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காலக்கணக்கைப் பாருங்கள். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-வது பிரிவைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆக, 2016-ல் லண்டன் மக்கள் வரிசையில் நின்று 'டூ மென் இன் பனாரஸ்' படத்தைப் பார்த்தபோது, அந்த ரெண்டு ஆண்கள் இந்தியச் சட்டப்படி குற்றவாளிகள். 2018 செப்டம்பர் 6-ம் தேதிதான், வயது வந்தவர்கள் விருப்பத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. படம் வரைந்து 36 வருஷம், வரைந்தவர் இறந்து 15 வருஷம் கழித்து.

2019 ஜூனில் லண்டன் ஏலத்தில் அதே படம் சுமார் 25 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 2017-ல், நண்பர் ஹாட்ஜ்கின் சேகரிப்பில் இருந்த 'டி-லக்ஸ் டெய்லர்ஸ்' சுமார் 11 லட்சம் பவுண்டுக்குப் போனது. பகுதிநேரக் கணக்காளர் வரைந்த தையல்காரர் படம்.

இவரை ஏன் இப்போ தெரிஞ்சுக்கணும்?

விலைக்காக இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தனக்குப் பிடித்த ஒன்றை விடாமல் செய்கிற எல்லாருக்கும் கக்கரின் முதல் பாதி பழக்கமானது. ரெண்டாம் பாதிதான் கஷ்டமானது. திறமை இருந்தும், பேர் வந்தும், தன்னைப் பற்றிய ஒரு உண்மையைச் சொல்ல அவருக்கு 47 வருஷம் தேவைப்பட்டது. தாமதமாகச் சொன்னார் என்று குறை சொல்வது ஈஸி. அந்தத் தாமதத்துக்கு வீடு, ஊர், சட்டம் எல்லாம் சேர்ந்துதான் பொறுப்பு.

வரிசை முக்கியம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான். கடைக்காரர் படங்களை மட்டும் பார்த்தால் நகைச்சுவை ஓவியர் என்று தோன்றும். 1981 படத்தை மட்டும் பார்த்தால் கலகக்காரர் என்று தோன்றும். எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போதுதான், கடையில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஆட்களை அவர் ஏன் அவ்வளவு பரிவோடு வரைந்தார் என்று புரிகிறது.

லண்டன் போகத் தேவையில்லை. கையில் போன் இருக்கிறதே. முதலில் 1972-ன் தையல்காரர், அடுத்து 1975-ன் பிளாஸ்டிக் பூ ஆள், அப்புறம் 1981-ன் மாடி, 1982-ன் காசி, கடைசியாக 2001-ன் காயம்பட்ட வயிறு. இந்த வரிசையில் தேடிப் பாருங்கள். மாடிப் படம் வரும்போது மட்டும் கொஞ்சம் ஜூம் பண்ணுங்கள். கழுதை கீழே இருக்கும்.